மலைக்குக் கட்டிய மூட்டை

பிள்ளைகளே, சிரிக்காமல் வாசியுங்கள். மலைநாட்டில் நாட்கணக்காக நடக்கப்போகிற உங்கள் அப்பா நான், அதற்குப் பழகவென்று மேடே இல்லாத தீவில் பை சுமந்து நடக்கிறேன். இன்று ஊர்காவற்றுறை இறங்குதுறை வரைக்கும் முடியாவிட்டால் மலைப் பயணத்தை விட்டுவிடுவதாக முடிவு. வழியில் புளியங்கூடலிலேயே தோள் கழன்றுவிடும்போல் இருக்கிறது. ஒரு கடை வாசலில் பையை இறக்குகிறேன்.

கடைக்கார அக்கா எட்டிப் பார்க்கிறார். "என்ன தம்பி, திரும்பவும் இடம்பெயருறமோ? எனக்கு ஒருத்தரும் சொல்லேல்லை."

"இல்லையக்கா, மலையிலை நடக்கப் போறன். முழுப் பயணத்துக்கும் சாப்பாடு."

அவர் பையைக் கிளறுகிறார். அரிசி, பருப்பு, மண்ணெண்ணெய்ப் போத்தல், தேங்காய்கள், அடியில் தேங்காய் துருவும் திருவலை.

"திருவலையோ! மலையிலை கலியாண வீடோ?"

"சண்டைக்குப் பயந்து ஓடின காலத்துப் பழக்கம் அக்கா. வழியிலை ஒண்டும் கிடைக்காதெண்டு பயம்."

"எங்கடை மனுசன் ஆட்டுக்கல்லைச் சைக்கிளிலை கட்டினவர். அது அப்ப. இப்ப அங்கையும் கடையள் இருக்கு. ரெண்டு நாள் சாமானோடை போம், முடிய வாங்கும்."

இரண்டு நாள் சாமான் போக மிச்சத்தை அவரிடமே விட்டுவிட்டு, வழியில் கடிக்க அவித்துக் காயவைத்த பனங்கிழங்கான புழுக்கொடியல் மட்டும் வாங்கிக்கொண்டு நடக்கிறேன்.

இறங்குதுறைக்கு வந்தே விட்டேன்; படகு போய்விட்டதால் துறை வெறிச்சோடிக் கிடக்கிறது. ஒருவரும் இல்லை என்று சுற்றிப் பார்த்துவிட்டு, பையோடு ஒருதரம் துள்ளுகிறேன்: மலைக்குப் போகிறேன்!