அம்மாவைப் பற்றிச் சுகந்தி டீச்சர் சொன்ன நான்கு வரிகள்

ஞாயிற்றுக்கிழமை காலை, நம் ஆன்லைன் ஸ்பானிஷ் வகுப்பு. திரையில் சுகந்தி டீச்சருக்குப் பதிலாக அவர் கணவர் உட்கார்ந்திருந்தார். கரண்ட் போயிருக்கும், டீச்சர் வர நேரமாகும் என்று சொல்லப்போகிறார் என்று நினைத்தேன். “சுகந்தி இல்லீங்க. வெள்ளிக்கெழம காலைல போயிட்டா. உங்க நெம்பரெல்லாம் எனக்குத் தெரியாதுங்க. அதான் இங்கியே சொல்லிரலாம்னு...” என்றார். மாரடைப்பாம். முப்பத்தெட்டு வயதில் என்னய்யா மாரடைப்பு? முந்தின ஞாயிறு என் உச்சரிப்பைக் கேட்டு இருமல் வரும்வரை சிரித்த ஆள்! என்னால் இன்னும் நம்ப முடியவில்லை.

நான் திருச்செங்கோட்டில் போர்வெல் போடும் ரிக் வண்டிக்கு மெக்கானிக். வண்டி மெக்சிகோவுக்குப் போகிறது, ரிப்பேர் பார்க்க நீயும் போ என்று கம்பெனியில் சொன்னதால் ஐம்பது வயதுக்கு மேல் ஸ்பானிஷ் படிக்க வந்தவன். என் எரிச்சல் உங்களுக்குத் தெரியும். பழைய வழக்கங்களைச் சொல்லும் இறந்தகாலத்தை டீச்சர் ஆரம்பித்த அன்று, “போல்ட்டு கழண்டிருச்சுன்னு சொல்லத் தெரிஞ்சாப் போதாதுங்களா? இந்தக் கருமமெல்லாம் எனக்கு எதுக்குங்க?” என்று கத்தினேன்.

அவர் கோபப்படவே இல்லை. “ஏனுங்கண்ணா, அந்த ஊரு டிரைவர் மொதல்ல என்ன சொல்லுவான்? ‘முன்னாடியெல்லாம் நல்லா ஓடுமுங்க’ன்னுதான? அது புரியாம நீங்க எதைப் போயிக் கழட்டுவீங்க?” என்றார். எல்லோரும் சிரித்தீர்கள். ‘ஃபுன்சியோனாபா’, அதாவது ‘ஓடும், வேலை செய்யும்’ என்பதை அன்றைக்கே மனப்பாடம் செய்தேன். ‘ஆர்’ என்று முடியும் வினைக்கு ‘ஆபா’, ‘ஏர்’, ‘ஈர்’ என்று முடிந்தால் ‘ஈயா’. “ஒழுங்கா நடக்குற வினைங்க, உங்களை ஏமாத்தாது” என்பார்.

துக்கம் கேட்க அன்று மத்தியானமே கொண்டப்பநாயக்கன்பட்டியில் டீச்சர் வீட்டுக்குப் போனேன். வெண்ணந்தூரிலிருந்து வந்திருந்த டீச்சரின் அம்மா சுவரோரம் உட்கார்ந்திருந்தார். கண்ணில் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை. மூன்று நாளாகச் சாப்பிடவில்லை என்று மருமகன் சொன்னார். நாமக்கல்லில் பெரிய பள்ளிக்கூட வேலையை விட்டுவிட்டு மகள் தன் வீட்டிலிருந்தே பாடம் எடுக்கத் தொடங்கியதில் சண்டை. பொங்கலிலிருந்து இருவருக்கும் பேச்சே இல்லை.

நான் மாணவன் என்று தெரிந்ததும் அந்த அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார். “எம்மேல கோவத்தோடயே போயிட்டாளா சாமி? உங்ககிட்ட என்னையப் பத்தி ஏதாச்சும் சொன்னாளுங்களா?”

நல்லவேளை, பொய் சொல்ல வேண்டிய நிலை எனக்கு வரவில்லை. கடைசி வகுப்பில் டீச்சர் உதாரணத்துக்குச் சொன்ன வரிகள் எல்லாமே அந்த அம்மாவைப் பற்றியவைதாமே! ஒவ்வொன்றாகத் தமிழில் சொன்னேன். அம்மா தறி நெய்வாள். நெய்துகொண்டே பாடுவாள். எனக்குச் சோறு போட்டுவிட்டுத்தான் அவள் சாப்பிடுவாள். நான் படிக்காவிட்டால் திட்டுவாள்.

“திட்டுனதையுமா சொன்னா?” என்றார். முகத்தில் லேசாகச் சிரிப்பு வந்து போனது. “நான் பாடுனா காதைப் பொத்திக்குவாளுங்க. கேக்கவே மாட்டாள்னு நெனச்சிட்டு இருந்தேன்.”

பிறகு என் கையை இன்னும் இறுக்கிப் பிடித்தார். “இது எப்பச் சொன்னதுங்க?”

“போன ஞாயித்துக்கெழமைங்க.”

“சண்டைக்குப் பொறகா?”

“ஆமாங்கம்மா. சண்டைக்குப் பொறகுதான்.”

அதற்குப் பிறகுதான் அந்த அம்மா வாய்விட்டு அழுதார். எனக்கும் தாங்கவில்லை. மருமகன் தம்ளரில் கஞ்சி கொண்டுவந்து கொடுத்தார், வாங்கிக் குடித்தார். கிளம்பும்போது, மகள் சொன்ன மாதிரியே அந்தப் பாஷையில் ஒருமுறை சொல்லச் சொன்னார். சொன்னேன்.

நண்பர்களே, அடுத்த மாதம் மெக்சிகோவுக்குப் போகிறேன். வண்டியைப் பற்றிப் பேசும்போது எத்தனை தப்பு வருமோ தெரியாது. தப்பில்லாமல் எனக்கு வருகிற ஒரு வாக்கியம் ‘மி மாத்ரே காந்தாபா’. என் அம்மா பாடுவாள். டீச்சரிடமிருந்து நான் வைத்துக்கொள்வது அதைத்தான்.