முகத்தின் மேல் ஏறும் கோடுகள்

முதல் ஷிப்ட் பஸ்ஸில் பாதித் தூக்கத்தில் இருந்தபோது நம் நாணயச் சேகரிப்பாளர் வாட்ஸ்அப் குழுவில் செய்தி வந்தது. "முனிராஜ் அண்ணா போயிட்டார். மதியம் பாகலூர்ல எடுக்கறாங்க." கம்பெனி கேட்டில் இறங்கி, பஞ்ச் அடிக்காமலே பாகலூருக்கு ஆட்டோ பிடித்தேன். அழுகை வரவில்லை, பயம்தான் வந்தது. அவரிடம் சொல்ல வேண்டிய ஒன்றைச் சொல்லாமலே விட்டிருந்தேன்.

உங்களில் பலர் அவரை ஞாயிற்றுக்கிழமை டீக்கடைச் சந்திப்புகளில் மட்டும் பார்த்தவர்கள். நான் அவரோடு ஒரே கம்பெனியில் பதினாறு ஆண்டுகள் இருந்தவன். டூல் ரூமில் நாங்கள் பாகங்களைத் தேய்த்துப் பளபளப்பாக்குவோம். அவர் இன்ஸ்பெக்‌ஷன் மேஜையில் உட்கார்ந்து அவற்றைத் திருப்பி அனுப்புவார். விருதுநகர்ப் பக்கத்திலிருந்து வந்த எனக்கு முதல் வாரமே திட்டு விழுந்தது. "தொடைக்காம எதையும் என் மேஜையில வெக்காதப்பா. அழுக்கைப் பாக்கறதா, பாகத்தைப் பாக்கறதா?" வீட்டில் தெலுங்கு, சந்தையில் கன்னடம், எங்களைத் திட்ட மட்டும் தமிழ் என்று அவரைக் கேலி செய்வோம். சிரித்துக்கொண்டே அடுத்த பாகத்தையும் திருப்பி அனுப்புவார்.

காசுகளையும் அதே கண்ணால்தான் பார்த்தார். ஒரு ஞாயிறு டீக்கடையில் புதிதாக வந்த ஒருவர் மின்னும் வெள்ளிக் காசை நீட்டி, "இதுக்கு ப்ரூஃப்லைக் கெடைக்குமாண்ணா?" என்றார். காசின் உருவத்தைப் பதிக்கும் டை என்ற உலோக அச்சைப் புதிதாகப் பாலிஷ் செய்தால், புழக்கத்துக்கென அடிக்கும் காசுகளிலும் முதல் சில கண்ணாடி போல வந்துவிடும். காசின் தரத்தைச் சோதித்துச் சான்று தரும் கிரேடிங் நிறுவனங்கள் சீட்டில் ப்ரூஃப்லைக் என்று எழுதுவது அதைத்தான். முனிராஜ் அண்ணா சட்டைப் பையிலிருந்து பஸ் டிக்கெட்டை எடுத்துக் காசுக்கு எதிரே பிடித்தார்.

"டிக்கெட் எழுத்தோட பிம்பம் காசுல எவ்வளவு தூரம் வரைக்கும் கலையாம தெரியுதுன்னு பாரு. ரெண்டு பக்கமும் தெரியணும்."

"எத்தனை இஞ்ச் இருக்கணும்ணா?"

"எல்லா நாட்டுக் காசுக்கும் ஒரே கணக்கு இல்லப்பா. ஒரு நாட்டு மின்ட்ல அடிக்கறது எல்லாமே வழவழன்னு வரும், இன்னொண்ணுல அபூர்வமா ஒண்ணு வரும். அளவு பாதி, பாக்கறவங்க கண்ணு மீதி."

பிறகு லென்ஸை எடுத்தார். "டையில இருந்து வந்த கோடு மேடா இருக்கும். காசுல இருக்கற முகத்துக்கிட்ட வந்ததும் நின்னுடும். துணியில தேச்ச கோடு பள்ளமா இருக்கும், முகத்து மேலயும் ஏறிப் போகும்." வந்தவரின் காசில் கோடுகள் முகத்தின் மேல் ஏறியிருந்தன. "அழகா இருக்குது, வீட்ல வெச்சுக்க" என்று திருப்பிக் கொடுத்தார்.

அவரிடமும் ஒரு காசு இருந்தது. ராணியின் தலை பொறித்த பழைய ஐரோப்பிய வெள்ளிக் காசு. இரண்டு மாதம் பார்த்துப் பார்த்துத்தான், "கோடெல்லாம் டையோடது, கிரேடிங்குக்கு அனுப்பலாம்" என்றார். கிரேடிங்குக்கு அனுப்பிவைக்கும் பெங்களூர் வியாபாரியிடம் அதைச் சேர்க்கும் பொறுப்பை எனக்குக் கொடுத்தார். ஷிப்ட் முடிந்ததும் என் வேலை மேஜையில் வைத்து, பழைய உறையிலிருந்து புது உறைக்கு அதை மாற்றினேன். மாற்றும்போது என் கை பக்கத்தில் கிடந்த பனியன் வேஸ்ட் துணியை எடுத்துக் காசை இரண்டு பக்கமும் துடைத்தது. தேய்க்கும் பொடி ஒட்டியிருந்த துணி. இன்ஸ்பெக்‌ஷனுக்குப் போகும் எதையும் நாங்கள் அப்படித்தான் துடைப்போம். என்ன செய்தேன் என்பது துணியைக் கீழே வைத்த பிறகுதான் உறைத்தது. இருந்தும் உறையை ஒட்டி அனுப்பிவிட்டேன்.

காசு கிரேடு இல்லாமல் திரும்பி வந்தது. சுத்தம் செய்யப்பட்டது என்று சீட்டில் இருந்தது. அன்று டீக்கடையில் நீங்களும் இருந்தீர்கள். அவர் லென்ஸை வைத்து வெகுநேரம் பார்த்தார். ராணியின் கன்னத்தின் மேல் கோடுகள் ஏறிப் போயிருந்தன.

"அன்னைக்கே இருந்திருக்கும். நான்தான் டைக் கோடுன்னு நெனச்சுட்டேன். கண்ணு போச்சுப்பா."

"வயசாகுதில்லண்ணா, விடுங்க" என்று உங்களில் யாரோ சொன்னீர்கள். நான் டீ குடித்துக்கொண்டிருந்தேன். என்னைச் சந்தேகிக்க அவருக்குத் தோன்றவே இல்லை. அதுதான் இன்றைக்கும் தாங்க முடியாமல் இருக்கிறது.

அதற்குப் பிறகு அவர் யாருடைய காசையும் பார்த்துச் சொல்லவில்லை. அடுத்த மாதம் ஸ்டோர்ஸுக்கு மாற்றல் கேட்டார். மேனேஜர் தடுத்தபோது, "கண்ணு மேலயே சந்தேகம் வந்துட்டா பாகம் சரின்னு ஸ்டாம்ப் வெக்கக் கூடாது சார்" என்றாராம். மூன்று ஆண்டுகள் ஸ்டோர்ஸ் ஜன்னல் வழியாக எனக்குக் கையுறையும் பனியன் வேஸ்ட்டும் எடுத்துக் கொடுத்தார். ஒவ்வொரு முறையும் நாளைக்குச் சொல்லிவிடலாம் என்று வாங்கிக்கொண்டு வந்தேன். கோழைத்தனம்தான்; வேறு பெயர் அதற்கு இல்லை.

பாகலூரில் எல்லாம் முடிந்த பிறகு அண்ணி அந்தக் காசை என் கையில் கொடுத்தார். "ஆஸ்பத்திரியிலயும் இதையேதான் பேசிட்டிருந்தாரு தம்பி. வாழ்க்கையில ஒரே ஒரு தடவை கண்ணு ஏமாத்திடுச்சுன்னு. நீங்களே வெச்சுக்கங்க." அங்கேயே அண்ணியிடம் உண்மையைச் சொன்னேன். அவர் என் கையிலிருந்த காசைப் பார்த்தார். பிறகு, "இதை அவர்கிட்ட சொல்லியிருக்கலாமே" என்றார்.

நண்பர்களே, அவருடைய கண் ஒருமுறைகூட ஏமாறவில்லை. அந்தக் காசு இப்போது என்னிடம் இருக்கிறது. வரும் ஞாயிறு டீக்கடைக்குக் கொண்டு வருகிறேன். லென்ஸ் வைத்துப் பாருங்கள். முகத்துக்கு முன்னால் நின்றுவிடும் கோடுகள் அவர் பார்த்தவை. முகத்தின் மேல் ஏறிப் போகும் கோடுகள் என்னுடையவை.