கல்தூணில் சாய்த்த துப்பாக்கி

பழனிசெட்டிபட்டிக் கடையில் என் மகனுக்கு ஏர்கன் பார்த்துக்கொண்டிருந்தோம். கடைக்காரர் ஒன்றின் குழாயை மடக்கியதும் உள்ளே ஸ்பிரிங் முனகி, டக்கென்று நின்றது. அப்பாவின் துப்பாக்கிச் சத்தம்.

சின்னமனூரில் எங்களுக்குத் திராட்சைத் தோட்டம் இருந்தது. பழம் கறுத்ததும் கிளிகள் இறங்கிவிடும். பந்தலைத் தாங்கும் கல்தூணில் குழாயை அழுத்திச் சாய்த்து, மூச்சை அடக்கி அப்பா சுடுவார். ஒன்றும் விழாது.

"நீங்க குறி பாக்குறதுக்குள்ள அது தின்னு ஏப்பமே விட்டுரும்" என்பாள் அம்மா.

"சின்னக் குண்டுடி. பாயிண்ட் ஒன் செவன் செவன். காத்துல அலையுது."

மாமா தன் பாயிண்ட் டூ டூவைக் கொண்டுவந்தார். அதுவும் ஸ்பிரிங் துப்பாக்கிதான். "பெரிய குண்டு மச்சான். பட்டா எந்திரிக்காது."

"பட்டாத்தான மாப்ள!"

அதையும் அதே தூணில் சாய்த்துத்தான் சுட்டார்கள். கிளிகள் கொத்தியது போக மிஞ்சிய குலைகளைப் புரட்டிப் பார்த்த வியாபாரி, லாரியைக் காலியாகவே திருப்பிக்கொண்டு போனான். மறு வருஷம் தோட்டம் கைமாறியது.

கடைக்காரர் மகனுக்குச் சொல்லிக்கொண்டிருந்தார். "காத்து அடைச்ச துப்பாக்கின்னா ஆடாது தம்பி, எதுலயும் சாய்ச்சுச் சுடலாம். ஸ்பிரிங் துள்ளும். கல்லுல, சுவத்துல சாய்ச்சா எந்தக் குண்டும் விலகித்தான் போகும். உள்ளங்கையில தாங்கிச் சுடணும்."

இவ்வளவுதானா? அன்றைக்குத் துப்பாக்கியை விற்றவன் வாயில் இந்த ஒரு வார்த்தை வரவில்லையே. குண்டைத் திட்டிக்கொண்டேதான் அப்பா செத்தார். தோட்டம் இப்போது வீட்டுமனை. அந்தத் தூண்களை உடைத்து எல்லைக்கல்லாக நட்டிருக்கிறார்கள்.

"சின்னக் குண்டா, பெரிய குண்டா, எது வேணும்க்கா?"

"எதையாவது குடுங்க" என்றேன்.