கமலநாதனின் தொட்டிகளுக்குக் குழாய் வேண்டாம்

கமலநாதனை அறிந்தவர்களுக்கும், குறிப்பாக நினைவுக் குழுவினருக்கும்:

1. 2009 ஐப்பசி, திங்கட்கிழமை. எங்கள் பௌதிகவியல் துறையின் விரிவுரையாளர் கமலநாதன் மாரடைப்பில் இறந்தார். அவருடன் ஒரே அறையில் பணியாற்றிய நான் அதை வளாக வாசலில் கட்டியிருந்த பதாகையில் வாசித்து அறிந்தேன்.
2. அதே நாள், அதே பதாகை. “குடிநீர் தந்த கொடையாளர்.” அவர் எவருக்கும் குடிநீர் கொடுத்ததில்லை.
3. அதே வாரம், புதன்கிழமை. அவருடைய மூன்று தொட்டிகளுக்கும் குழாய் பொருத்தி, முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக் கிரியையன்று தண்ணீர்ப் பந்தலாகத் திறக்கக் குழு தீர்மானித்தது.

அத்தொட்டிகள் ஆழிப்பேரலைக்குப் பின் குருக்கள்மடத்து முகாமுக்கு வந்தவை. முகாம் கலைந்ததும் கமலநாதன் கேட்டு வாங்கினார். கறுப்புத் தொட்டியைக் கண்டால் குடிநீர் என்றே எண்ண நம் ஊர் அப்போது பழகியிருந்தது. ஊரை மன்னிக்கலாம். குழுவிலுள்ள பட்டதாரிகளை எப்படி மன்னிப்பது?

விண்வெளியிலிருந்து வரும் உயர் ஆற்றல் காமாக் கதிர் வளிமண்டலத்தின் மேற்பகுதியில் மோதும்போது துகள்கள் மழையாகப் பொழிகின்றன. அத்துகள்கள் நீருக்குள், நீரில் ஒளி செல்லும் வேகத்தையும் விஞ்சிப் பாயும்போது மங்கிய நீல ஒளி தோன்றும். அதைப் பிடிக்கவே கமலநாதன் தொட்டிகளில் நீர் நிரப்பினார்; உள்ளே தொங்கும், மின்சாரத்தில் இயங்கும் கண்ணாடிக் குழல் அந்த ஒளியைக் காணும். ஆகவே உள்ளே முழு இருள் வேண்டும்.

அந்த இருளுக்காகக் காத்தான்குடித் துணிக்கடைக்குப் போனோம். கடைக்கார நானா கறுப்புத் துணியை அளந்தபடி, “இவ்வளவும் ஆருக்கு சேர்? ஊரே துக்கம் காக்கப் போகுதா?” என்றார்.

“தொட்டிக்கு உடுத்த, நானா” என்றார் கமலநாதன்.

“அப்ப நல்ல துணியாத் தாறன். தொட்டியும் மானமா இரிக்கட்டும்.”

போர்க்காலத்தில் சோதனைக்கு வந்தவர்கள் மூடியைத் திறக்கச் சொன்னார்கள். மின்சாரத்தை நிறுத்தும்வரை பொறுக்குமாறு கமலநாதன் கேட்டார். பொறுக்கவில்லை. வெயில் பட்டதும் குழல் பாழானது. மாலையில் என்னிடம் சொன்னார்: “உள்ளுக்க ஒண்டுமில்லையெண்டு எழுதித் தந்திட்டாங்க மச்சான். இப்ப உண்மையாவே ஒண்டுமில்ல.” மாற்றுக் குழலுக்காக வெளிநாட்டு நண்பர்களை மாதக்கணக்கில் நச்சரித்து, அதைப் பெற்றுப் பொருத்தினார்.

கடல்மட்டத்திற்கு வருமுன் அத்துகள் மழையில் பெரும்பகுதி அடங்கிவிடும் என்பது அவருக்குத் தெரியாததல்ல. “வாவிக்கரையில கட்டிப் பழகுவம். பாதை திறந்தா மலைக்கு ஏத்துவம்” என்பார். போர் முடிந்தது, பாதை திறந்தது. மலைநாட்டுப் பாடசாலை ஒன்று இடம் தர இசைந்தது. லொறிக்குச் சொல்லியிருந்த வாரத்தில் அவர் போய்விட்டார்.

குழுச் செயலாளரிடம் இவற்றையெல்லாம் விளக்கினேன்.

“சேர், புண்ணியத்துக்குத்தானே செய்யிறம்.”

“தம்பி, உள்ளுக்க குழலும் வயரும் கிடக்கு.”

“அதக் கழட்டிப் போட்டுக் கழுவி விடுவம் சேர். கோவிக்காதீங்க.”

கோபிக்கிறேன். ஒரு மனிதர் தம் வாழ்நாளின் வேலையை மூடிவைத்துக் காத்தார். அதைத் திறந்து கழுவுவதை நீங்கள் அஞ்சலி என்கிறீர்கள். தாகம் தீர்க்க விரும்பினால் புதுத் தொட்டி வாங்குங்கள். நானும் பங்கு தருகிறேன்.

கமலநாதனிடமிருந்து என்னிடம் எஞ்சியிருப்பது தொட்டிகள் நிற்கும் கொட்டகைப் பூட்டின் திறப்பு. அதை ஒப்படைக்க மாட்டேன். லொறிக்கு மீண்டும் சொல்லிவிட்டேன். தீர்மானம் கைவிடப்பட்டது என்ற எழுத்துமூலப் பதில், அந்தியேட்டிக்கு முந்திய வெள்ளிக்கிழமை மாலை நான்கு மணிக்குள் செயலாளரின் கையொப்பத்துடன் எனக்குக் கிடைக்க வேண்டும்.