மேலூருக்குப் போன பாவம்

பாவம் செய்ய நான் ஊர் தாண்டியதில்லை. எல்லாம் மதுரைக்குள்ளேயே முடிந்துவிடும். அதை அறிக்கையிடத்தான் போன வாரம் மேலூருக்கு பஸ் ஏறினேன்.

ஏன்? எங்கள் பங்குச் சாமியாருக்கு என் குரல் தெரியும். இருமல் தெரியும். பத்திரிகையில் நான் எழுதும் இந்தப் பத்தியை வேறு தவறாமல் படிக்கிறார்! பாவசங்கீர்த்தனத் தொட்டியில், சாமியார் முகத்தை மறைக்கும் வலைக்கு இந்தப் பக்கம் முழங்கால் போட்டு, 'ஃபாதர், நான் பாவி' என்றாலே, 'தெரியும் சார், மேல சொல்லுங்க' என்பார்.

அதைவிடப் பெரிய காரணம்... பாவமே அவரைப் பற்றியதுதான்.

ஃபாதர் நல்ல மனிதர். பிரசங்கத்தை முடிக்கத்தான் வராது. 'கடைசியாக ஒன்று' என்பார் — அதற்குப் பின் மூன்று வரும். இரண்டு மாதத்துக்கு முன் ஒரு ஞாயிறு, ஃபேனும் நின்றுபோனது. வீட்டுக்கு வந்த வேகத்தில் ஆயர் இல்லத்துக்கு ஒரு மொட்டைக் கடுதாசி போட்டேன். 'நாற்பத்திரண்டு நிமிடம். மேய்ப்பர் முடிப்பதற்குள் ஆடுகள் உறங்கிவிடுகின்றன.' எழுதும்போது நன்றாகத்தான் இருந்தது.

கடுதாசி சுற்றிச் சுற்றி ஃபாதர் கைக்கே வந்தது. நிமிடக் கணக்கு சொல்கிறான் என்றால் யார்? கோயிலில் கடிகாரத்துக்கு நேராக உட்காருகிறவர் ஒரே ஆள் — கோயில்பிள்ளை சூசை. மணி அடிப்பது, மெழுகுவர்த்தி ஏற்றுவது, கதவு பூட்டுவது எல்லாம் அவர்தான். ஃபாதர் அவருடன் பேச்சை நிறுத்தினார். ஈஸ்டருக்குப் பின் வேறு ஆள் என்றும் சொல்லிவிட்டார்.

சூசை என்னிடமே வந்து அழுதார்.

"அண்ணே, நான் பிரசங்கத்துல தூங்குறவண்ணே. எம்புட்டு நேரம் பேசுனாருன்னு எனக்கு எப்பிடிண்ணே தெரியும்?"

அசைக்க முடியாத வாதம். "கடவுள் இருக்கார் சூசை" என்றேன். அவர் இருப்பதுதான் என் பிரச்சினையே.

எனவே மேலூர். ஈஸ்டருக்கு முந்தைய தபசு காலம் அல்லவா, நீண்ட வரிசை. எனக்கு முன்னால் நின்றவர் — எங்கள் பங்குப் பாடகர் குழுத் தலைவி! என்னைப் பார்த்ததும் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டார்.

"இந்தப் பக்கம் ஒரு சோலியா வந்தேன்."

"நானும்."

வரிசையிலேயே ஆளுக்கொரு பொய் கூடியது.

என் முறை வந்தது. கடுதாசி முதல் சூசை வரை ஒரே மூச்சில் கொட்டினேன். வலைக்கு அந்தப் பக்கமிருந்து ரொம்பப் பழகிய ஒரு குரல்:

"அதுல அறிவிப்பு வாசிச்சது அஞ்சு நிமிசம் சார். அதைக் கழிச்சிருக்கலாம்."

ஈஸ்டர் நெருங்கினால் சாமியார்கள் ஒருவர் கோயிலுக்கு ஒருவர் உதவிக்குப் போவார்கள். பிறந்ததிலிருந்து கிறிஸ்தவன்... இது எனக்குத் தோன்றவில்லை பாருங்கள்!

பாவமன்னிப்பு கொடுத்தார். குரலில் கோபமே இல்லை. அதுதான் வலித்தது.

"பரிகாரத்துக்கு ஜெபமாலை சொல்றேன் ஃபாதர். அம்பத்து மூணு மணியும். ரெண்டு தடவ."

"வேணாம். இங்க கேட்டத வச்சு நான் வெளிய ஒரு வார்த்த பேச முடியாது. சூசைக்கு நல்ல பேர் திரும்பணும்னா, நீங்கதான் அவர் முன்னாடி எங்கிட்ட சொல்லணும்."

"இப்பத்தான ஃபாதர் சொன்னேன்?"

"அது கடவுள்ட்ட சொன்னது. நான் இங்க இல்ல."

ஞாயிறு காலை, பூசைக்கு முன், இருவரையும் கோயில் வாசலில் நிறுத்திச் சொன்னேன். ஃபாதர் நெஞ்சில் கை வைத்து, "ஐயோ, நீங்களா சார்!" என்றார். கிறிஸ்துமஸ் நாடகத்தில் அவருக்கு ஏன் வேஷமே கொடுப்பதில்லை என்று புரிந்தது. ஆனால் அடுத்த நொடி சூசையின் கையைப் பிடித்து, "மன்னிச்சிருங்க சூசை, நீங்களே இருங்க" என்றபோது நடிப்பில்லை. கண் கலங்கியிருந்தது.

சூசை அவரைப் பார்க்கவில்லை. என்னைத்தான் பார்த்தார்.

"அன்னைக்குக் கடவுள் இருக்கார்னு சொன்னீகளேண்ணே... தெரிஞ்சுதான் சொன்னீகளா?"

பதிலுக்குக் காத்திராமல் மணி அடிக்கப் போய்விட்டார்.

அன்றைய பிரசங்கம் மன்னிப்பைப் பற்றி. ஐம்பத்தைந்து நிமிடம். முதல் வரிசையில் நான். ஒரு கொட்டாவி விட வழியில்லை — என்னையே பார்த்துக்கொண்டிருந்த சூசை அன்று தூங்கவே இல்லை!