நாள் முழுக்க ஊதிய விசில்

1. கிடைத்த வேலை

வனத்துறையில் வேலை கிடைத்தபோது என் கற்பனையில் யானை இருந்தது, சிறுத்தை இருந்தது, தோளில் துப்பாக்கிகூட இருந்தது. ஓய்வு பெறும் முன் கடைசிச் சில வருடங்கள் எனக்குக் கிடைத்ததோ குற்றாலத்தில் ஓர் அருவியின் அடிவாரம், கழுத்தில் ஒரு விசில், ஷாம்பு பாக்கெட் பொறுக்கிப் போட ஒரு சாக்கு. எந்த அருவி என்று சொல்லப் போவதில்லை. சொன்னால் தென்காசியில் நான் டீ குடிக்கும் கடையில் சண்டைக்கு வருவார்கள்.

மேலே இருக்கும் காட்டைக் காக்கத்தான் சம்பளம். ஆனால் சீசன் வந்துவிட்டால் காட்டின் வாசலில் நின்று கூட்டத்தைக் கட்டி மேய்ப்பதிலேயே பொழுது போய்விடும். வருடத்துக்கு வருடம் ஆள் கூடியதே தவிர, பாறை அகலமாகவில்லை. அதனால் முறை வைத்துக் குளிக்கவிட்டோம். விசில் ஊதினால் உள்ளே நிற்பவர்கள் வெளியே வரவேண்டும், வரிசையில் நிற்பவர்கள் உள்ளே போகவேண்டும். யாராவது ஷாம்பு பிதுக்கினால் ஊதுவேன். குரங்குக்குச் சிப்ஸ் நீட்டினால் ஊதுவேன். செல்ஃபிக்காகப் பாறையில் ஏறினால் ஊதுவேன். சாயங்காலம் வீட்டுக்குப் போனால் பேரன் கூப்பிடுவதுகூட விசில் மாதிரியே கேட்கும்.

அதிகம் ஊதியது முருகையா அண்ணாச்சியைப் பார்த்துத்தான். எண்ணெய் மசாஜ் செய்பவர். என்னைவிடப் பத்து வயது மூத்தவர். அருவிக்குப் பக்கத்திலேயே, கீழ்ப்படியில் ஆளை உட்காரவைத்துத் தேய்ப்பார். அங்கே தேய்க்கக்கூடாது என்று போர்டு இருந்தது. அதில்தான் அவர் சட்டையைக் கழற்றி மாட்டுவார்.

“அண்ணாச்சி, ஓடையெல்லாம் எண்ணெயா மிதக்கு. மீனு என்ன பாவம் செஞ்சுது?”

“மீனுக்கும் நல்லதுதான்வே, உடம்புச் சூடு குறையும். எண்ண தேய்க்காம குத்தாலத்துல குளிக்கணும்னா, வீட்டு ஷவர்லயே நின்னுக்கிடச் சொல்லும்.”

இருவருக்கும் தினமும் இதே பாட்டுத்தான்.

2. ஒரு சனிக்கிழமை

கீழே நல்ல வெயில். சாரல்கூட இல்லை. மலை உச்சி மட்டும் கறுத்துக் கிடந்தது. அப்படிப்பட்ட நாளில் மேலே ஓடைக்கரையில் ஒருவரை நிறுத்திவைப்போம். மத்தியானம் அவர் வாக்கி டாக்கியில் கத்தினார்.

“தண்ணி கலங்கி வருது! ஆள வெளிய எடுங்க, சீக்கிரம்!”

விசிலை எடுத்து என் பலம் முழுவதையும் கூட்டி ஊதினேன்.

உள்ளே இருந்தவர்கள் நிதானமாகத் தலையைத் துவட்டிக்கொண்டு வெளியே வந்தார்கள். வரிசையில் நின்றவர்கள் நிதானமாக உள்ளே போனார்கள். காலையிலிருந்து நான் பழக்கிய பழக்கம். மறுபடி ஊதினேன். இன்னும் கொஞ்சம் வேகமாக உள்ளே போனார்கள்.

விசிலைத் துப்பிவிட்டு, “வெள்ளம் வருது, வெளிய வாங்க” என்று கத்திக்கொண்டே தண்ணீருக்குள் ஓடினேன். கையில் அகப்பட்டவர்களை எல்லாம் வெளியே தள்ளினேன். ஒருவர் மட்டும் என்னை மறித்தார்.

“சார், அப்பா இப்பத்தான் உள்ள போனார். நாலு மணி நேரம் வண்டி ஓட்டிட்டு வந்திருக்கோம். ரெண்டே நிமிஷம் சார்.”

அதற்குள் அருவி டீ நிறத்துக்கு மாறியது. இலையும் சுள்ளியும் தலையில் விழுந்தன. கூட்டம் அலறிக்கொண்டு படியேறியது. அந்தப் பெரியவர் மட்டும் உள்ளே தடுப்புக் கம்பியைப் பிடித்தபடி, எதுவும் தெரியாமல் கண்ணை மூடி நின்றார். மகன் “அப்பா! அப்பா!” என்று கத்துகிறார். அருவிச் சத்தத்தில் எனக்கே சரியாகக் கேட்கவில்லை, அவருக்கு எங்கே கேட்கும்?

முழங்காலில் இருந்த தண்ணீர் தொடைக்கு ஏறியது. பெரியவரின் மணிக்கட்டைப் பிடித்து இழுத்தேன். வழுக்கியது. தோளைப் பிடித்தேன், அதுவும் வழுக்கியது. உச்சி முதல் உள்ளங்கால் வரை எண்ணெய். இப்போது கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தார். கம்பியிலிருந்த அவர் கையும் நழுவிக்கொண்டிருந்தது. ஆள் போய்விட்டார் என்றே நினைத்தேன்.

“கையப் பிடிக்காதிரும்வே! துண்டப் போடும், துண்ட!”

முருகையா அண்ணாச்சி. இடுப்பளவுத் தண்ணீரில் வந்து, தன் துண்டைப் பெரியவரின் முதுகுப் பக்கமாகப் போட்டு, இரண்டு அக்குளுக்கடியிலும் கொண்டுவந்து நெஞ்சில் ஒரு முறுக்கு முறுக்கினார். எண்ணெய் உடம்பை எப்படிப் பிடிக்கவேண்டும் என்று அவருக்குத் தெரியாமல் யாருக்குத் தெரியும்? ஆளுக்கு ஒரு முனையாக இழுத்தோம். படியேறித் திரும்பிப் பார்த்தபோது கம்பி தண்ணீருக்குள் போயிருந்தது.

மகன் அப்பாவின் தலையைத் துவட்டிக்கொண்டே இருந்தார்.

3. ஊதினேன் சார்

“விசில் ஊதினீங்களா?” என்று ரேஞ்சர் கேட்டார்.

“ஊதினேன் சார்.”

எழுதிக்கொண்டார். அதில் பொய் இல்லை. ஆனாலும் எனக்கு வெட்கமாக இருந்தது. டீக்கடையில் அண்ணாச்சியிடம் நன்றி சொல்லப் போனபோது, “விசில் சத்தம் கேட்டுத்தான வந்திய?” என்றேன். எனக்கு அந்த ஆறுதலாவது தேவைப்பட்டது.

“காலையிலருந்து ஊதுதீரு. அதை யாருவே காதுல வாங்குவா? நீரு ஓடுனதப் பாத்துல்லா நான் ஓடியாந்தேன்.”

மறுநாள் விசிலைக் கழுத்திலிருந்து கழற்றிச் சட்டைப் பையில் போட்டேன். முறை மாற்ற ஒரு பச்சைத் துண்டை வீசினேன். ஷாம்புக்கும் சிப்ஸுக்கும் பக்கத்தில் போய் வாயால் சொன்னேன். தொண்டை கட்டியது, நாலு பேரிடம் ஏச்சும் வாங்கினேன். அண்ணாச்சி தன் இடத்தை மேலே, ரோட்டோரத்துக்கு மாற்றிக்கொண்டார். தேய்த்து முடித்ததும் ஆளைத் துண்டால் அழுத்தித் துடைத்துவிட்டுத்தான் அனுப்பினார். மீனுக்காகவா, மனுஷனுக்காகவா என்று நான் கேட்கவில்லை.

இந்த வேலைக்கு வரும் பிள்ளைகளுக்கு நான் சொல்வது ஒன்றுதான். கூட்டம் இனிமேல் குறையப் போவதில்லை. போர்டும் மைக்கும் கூடிக்கொண்டேதான் போகும். எல்லாவற்றுக்கும் சத்தம் போடாதீர்கள். உயிருக்கென்று ஒரு சத்தத்தைத் தனியாக எடுத்துவையுங்கள்.

இரண்டு சீசன் அந்த விசில் பையிலேயே கிடந்தது. ஓய்வு பெறுவதற்குச் சில வாரம் முன்னால், மேலேயிருந்து வாக்கி டாக்கியில் மறுபடி அதே குரல் வந்தது. எடுத்து ஒரே ஒரு தடவை ஊதினேன். அருவிக்குள் நின்ற அத்தனை பேரும் தலையைத் திருப்பினார்கள். வரிசை அப்படியே நின்றது. மேலே ரோட்டோரத்தில் முருகையா அண்ணாச்சி எண்ணெய்க் கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டு, துண்டை எடுத்துக்கொண்டு எழுந்தார்.