தாலிகட்டுப் படத்தில் பொம்பிளையைக் காணேல்லை

இன்று காலை மானிப்பாயில் என் கமராக் கடைக்குள் வைத்து ஒரு வாடிக்கையாளர் என் மூக்கை உடைத்துவிட்டார்.

போன கிழமை என்னிடம் பழைய பிலிம் கமராவும் பிளாஷும் வாங்கியவர். தங்கச்சியின் கலியாணத்தை அதில்தான் எடுத்தாராம்.

"கள்ளப் பிளாஷையே வித்தனீ? தாலிகட்டுப் படத்திலை மாப்பிள்ளை நிக்கிறார், என்ரை தங்கச்சி நிண்ட பக்கம் முழுக்கக் கறுப்படா!"

பிளாஷைத் தூக்கி அலுமாரிக் கண்ணாடியில் அடித்தார். கண்ணாடி நொறுங்கியது. அடுத்த குத்து என் மூக்கில்.

ஆளின் கையை முறுக்கி மேசையோடு அழுத்திக்கொண்டு கேட்டேன்: "சட்டர் வேகத்தை எத்தினையிலை வைச்சனீர்?"

"ஐந்நூறிலை. தாலி கட்டேக்கை கை ஆடுமெல்லே அண்ணை."

"பிளாஷ் போட்டால் அறுபதைத் தாண்டாதையும், பாதிப் படம் இருட்டாகுமெண்டு சொல்லித்தானே தந்தனான்?"

மேசையில் கிடந்தபடியே விம்மத் தொடங்கிவிட்டார்.

முடிவாகப் பேசியது: கண்ணாடிக்காசு அவருடையது. தங்கச்சி கூறைச்சேலையோடு வந்து நின்றால் தாலிகட்டைத் திரும்ப எடுக்கிற பிலிமும் கூலியும் என் செலவு. கட்டின தாலியைக் கழட்டாமல் அந்தப் படத்தை எப்பிடி எடுக்கிறதெண்டு மட்டும் நீங்கள் சொல்லுங்கோ.